தடைக்காலத்துப் பூனை

போன வாரம், இளம் கால்நடை மருத்துவர்களே, உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தீர்கள். "மேடம், எல்லா டெஸ்ட்டும் நார்மல். உண்ணி இல்ல, பூஞ்சை இல்ல. பூனை மட்டும் வயித்த நக்கிக்கிட்டே இருக்கு. எந்த மருந்த மாத்தலாம்?" என்று கேட்டீர்கள். யாரென்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மருந்துப் பெயரைத் தவிர வேறு எதையும் கேட்கிற பொறுமை உங்களுக்கு அப்போது இல்லை. எனக்கும் அடுப்பில் பால் இருந்தது.

ஓய்வு பெற்றுவிட்டதால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதாக நினைக்காதீர்கள். உட்காருவது எனக்கு வராது. அலமாரியைத் துடைக்கிறேன், துடைத்ததையே மறுபடி துடைக்கிறேன், வாசலுக்குப் போய் கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். "ஒரு எடத்துல உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்கிறார் என் வீட்டுக்காரர். அதனால் சும்மா இருக்க முடியாதவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

நடந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு. அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோர ஊர் ஒன்றின் கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். அங்கே மாடும் ஆடும்தான் நோயாளிகள். யாராவது பூனையைக் கொண்டுவந்தால் வரிசையில் நிற்கிற ஆட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சித்திரை பாதி தாண்டி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் போட்ட தடை அது.

ஒரு நாள் காலை இந்திரா வந்தாள். ஆடு வளர்ப்பவள், எனக்கு நல்ல பழக்கம். அன்றைக்கு ஆடு இல்லை. மீன் அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேல் பழைய வலைத்துண்டைக் கட்டி, உள்ளே ஒரு பூனையை வைத்திருந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் நாகலிங்கம். விசைப்படகு டிரைவர். அந்த ஊரில் படகு ஓட்டுகிறவருக்கு இருக்கிற மரியாதையே வேறு. அவர் மருந்தகத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டரம்மா, இதுக்குச் சொறி புடிச்சிருச்சு. ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார் நின்றபடியே.

"எதை முடிக்கணும்?"

"பூனையத்தான்."

"நான் அதுக்கு வரல. மருந்துக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் இந்திரா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அவர்கள் மகள் சத்யா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பார்க்க வந்த மாமியார், பூனையின் வயிறு மயிரெல்லாம் போய்ச் சிவந்து கிடப்பதைக் கண்டுவிட்டார். "இந்தச் சொறிப் பூனை இருக்குற வீட்டுல என் பேரப்புள்ள பொறக்க வேணாம். ஞாயித்துக்கெழமை வருவேன். பூனை இருந்துச்சுன்னா மருமவளக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அழைத்துக்கொண்டு போனால் பெற்றவர்கள் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. இந்திராவுக்கு ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் கண் திறக்காத குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்த சுந்தரி. பூனையின் பெயர் சுந்தரி.

எப்படிப் பரிசோதித்தேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மயிர் போன இடத்தை விரலால் எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரவென்று இருந்தது, சவரம் செய்து மறுநாள் தடவுகிற முகம் மாதிரி. மயிர் உதிரவில்லை. நாக்கால் நக்கி நக்கி ஒடித்திருக்கிறது. காது, முகம், வால் எல்லாம் சுத்தமாக இருந்தன. நாக்கு எட்டுகிற வயிறும் உள்தொடையும்தான் ரணம். அப்புறம் ஒரு நாற்றம். மீன் நாற்றம்தான், ஆனால் மீன் அல்ல. எண்ணெய்.

"இது மேல யாரு எண்ணெய் தடவினது?" என்றேன்.

"எண்ணெயா? நான் ஒண்ணும் தடவலியே" என்றாள் இந்திரா.

நாகலிங்கம் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களத்தான்."

"சுறா எண்ணெய்தாங்க" என்றார், காலண்டரிடமே. "படகக் கரையேத்திப் போட்டா மரம் வெடிக்கும். சுறா எண்ணெய் அடிச்சா சரியாப் போயிடும். இதுவும் வெடிச்சுத்தானே கெடந்துச்சு. தெனம் கொஞ்சம் தடவி விட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "பூனை மேல மீன் எண்ணெயத் தடவிட்டு நக்காம இருன்னா அது எப்படிங்க இருக்கும்? தோலே போற அளவுக்கு நக்கித் தள்ளியிருக்கு!" வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். இந்திரா மட்டும் சிரிக்கவில்லை. புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம தெனம் மருந்து போட்ட மனுசந்தானா இப்ப ஊசி போடச் சொல்லுறது?"

"போட்டும் கேக்கலியே. வேற என்ன பண்ணச் சொல்ற?" என்று அவர் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். எண்ணெயைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று உங்களுக்குத் தோன்றும். ரணத்துக்கு மருந்து கொடுத்து, எண்ணெயை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவர் எண்ணெய் போட்டது வயிறு மொட்டையான பிறகு. அதற்கு முன்னால் அது ஏன் நக்க ஆரம்பித்தது? எப்போதிலிருந்து என்று கேட்டேன். படகுகள் கரையேறியதிலிருந்து என்றாள் இந்திரா.

மனிதருக்கும் ஒட்டுகிற படர்தாமரைப் பூஞ்சையாக இருக்காது என்று என் கைக்கும் கண்ணுக்கும் தோன்றியது. ஆனால் பிறக்கப்போவது பச்சைக் குழந்தை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். மாமியார் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஊசி போட மாட்டேன், அதற்குள் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அவர்கள் ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை இருந்தது. முடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தடைக்காலத்தில் கடலோர ஊருக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? அத்தனை ஆண்களும் ஊரில் இருப்பார்கள். ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. சீட்டாட்டம், அதில் ஒரு சண்டை, சமாதானம், திரும்பச் சீட்டு. காரணமே இல்லாமல் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். காற்று வேறு மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

நாகலிங்கத்தின் வீடு முழுக்க வலை. கூடத்தில், ஜன்னலில், பூனை வழக்கமாகப் படுக்கிற பரணில்கூட வலை. சத்யா ஒரு மூலையில் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் வலை கட்டிக்கொண்டிருந்தார். பூனை குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்திரா மோர் கொடுத்தாள். நான் ஒன்றும் கேட்காமல் குடித்தபடி பார்த்தேன்.

அவர் எழுந்தார். பூனை குதித்து இறங்கிப் பின்னால் போனது. வாசல்வரை போய் நின்று, "சீ, போ" என்று காலால் மண்ணை எத்தினார். பூனை அங்கேயே உட்கார்ந்து வயிற்றை நக்க ஆரம்பித்தது. அவர் திரும்பி வந்து நாலு முடிச்சுப் போட்டார். மறுபடி எழுந்தார். பூனையும் எழுந்தது. மறுபடி "சீ". மறுபடி வயிற்றை நக்கியது. ஒரு டம்ளர் மோர் தீர்வதற்குள் இது நடந்துகொண்டே இருந்தது.

"ஏன் அத வெரட்டுறீங்க?" என்றேன்.

அவர் முடிச்சைப் பாதியில் விட்டார். ஊசியை வலையில் குத்தி வைத்தார். "அது என்னையே பாக்குது டாக்டரம்மா. கடலுக்குப் போயி வந்தா, கறிமீன்ல மொத மீனு இதுக்குத்தான் போடுவேன்." கறிமீன் என்றால் படகில் போனவர் வீட்டுக் குழம்புக்கு என்று எடுத்துக்கொண்டு வருகிற பங்கு. "விடிஞ்சதும் வாசல்ல நிக்கும். இப்பயும் விடிஞ்சா நிக்குது. என் கையப் பாக்குது. சும்மா உக்காந்திருக்கிறவன வீட்டுல எல்லாருந்தான் பாக்குறாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க. இது மட்டும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கு."

"யாரு உங்கள என்ன பாத்தா?" என்றாள் இந்திரா உள்ளிருந்து.

"நீ சும்மா இரு."

நான் பேச்சை மாற்றுவதற்காக, "நாட்டுப்படகுக்குத் தடை இல்லியே, அவங்க கொண்டாறதுல ரெண்டு வாங்கிப் போடலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

இந்திரா சிரித்தே விட்டாள். "யாரு, இவங்களா? மீன வெலைக்கு வாங்குறதா? தடைக்காலம் முச்சூடும் எங்க வீட்டுல கருவாடும் முட்டையுந்தான். வாங்கின மீனு இந்த வாசப்படி ஏறாது."

"படகு ஓட்டுறவன் கையில பையத் தூக்கிக்கிட்டு மீன் வாங்கப் போனா ஊரு சிரிக்காதா?" என்றார் நாகலிங்கம். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பூனைக்கு அதன் பரண் போயிற்று. விடியற்காலை மீன் போயிற்று. தினமும் கை நிறையப் பாசத்தோடு வந்த மனிதர் இப்போது வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் விரட்டுகிறார். என்ன செய்வதென்று தெரியாமல் அது தன் உடம்பையே நக்கிக்கொண்டிருக்கிறது. இதை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம். "உங்களால்தான் பூனை இப்படி ஆயிற்று" என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது, வீட்டில் உள்ளவர்களின் பதற்றம் பூனையைப் பாதிக்கும் என்று. தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏற்கெனவே வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று குமைகிற மனிதரிடம், பூனைக்கும் நீதான் நோய் என்று சொன்னால் அவர் திருந்த மாட்டார். பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி எங்கேயாவது விட்டுவிட்டு வருவார்.

அவருக்கு வேலை கொடுத்தேன். "எண்ணெயத் தொடாதீங்க. பரண்ல இருக்குற வலைய எறக்குங்க. விடிஞ்சதும் அது வாசல்ல நிக்குமில்ல, அப்ப உங்க கையால எதாவது வைங்க. முட்டையோ கருவாடோ, எதுவானாலும் சரி. அதுக்கு மீனு முக்கியமில்ல, அந்த நேரமும் உங்க கையுந்தான். சாயங்காலம் வலை நூலக் கொஞ்சம் இழுத்து வெளையாட்டுக் காட்டுங்க."

"நான் பூனையோட வெளையாடுறதா?"

"சீட்டு ஆடுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றேன். சத்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்திராவிடமிருந்து போன். "சம்மந்தியம்மா காரோட வந்துட்டாங்க டாக்டரம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான்..." விடுமுறைதான், போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்க முடியவில்லை.

வாசலிலேயே இந்திரா என் காதோடு சொன்னாள். "இவங்க பூனைக்குன்னு பக்கத்து ஊருக்கு நடந்து போயி மீன் வாங்கியாறாங்க. இங்க வாங்குனா சிரிப்பாங்கன்னு. விடியிறதுக்குள்ள போயிட்டு வந்துடறாங்க." உள்ளே பூனையைப் பார்த்தேன். சிவப்பு தணிந்திருந்தது. ஆனால் மயிர் அதற்குள் முளைத்துவிடுமா? வயிறு மொட்டையாகத்தான் இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அதே சொறிப் பூனை.

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. வெடுக்கென்று பேசுகிறவர், அவ்வளவுதான். அவர் பயமும் நியாயமானது. சத்யாவின் துணிமணி பையில் கட்டித் தயாராக இருந்தது. நேராக என்னிடம் கேட்டார். "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. உங்க பொண்ணு மாசமா இருந்தா இந்தப் பூனைய வீட்டுல விடுவீங்களா? அதச் சொல்லுங்க, போதும்."

ஆய்வக முடிவு வரவில்லை. அது மட்டுமல்ல என் கஷ்டம். மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் பூனையின் தோலை விடப் பூனை கழிக்கிற மலத்தால்தான் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அதை அவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, "சொறி இல்லை, பயப்படாதீர்கள்" என்று முடித்திருந்தால் பூனை பிழைத்திருக்கும், இந்திரா என் காலில் விழுந்திருப்பாள். கேட்காததைச் சொன்னால் காரில் சத்யா, சாக்கில் பூனை. இந்திராவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வலுவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தபிறகு எப்படி மறைப்பது?

"விடுவேன்" என்றேன். "ஆனா சொல்ல வேண்டியத முழுசா சொல்லிடுறேன். இது சொறி இல்ல, அதுவே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கிச்சு. என் கணிப்பு இது. டெஸ்ட் முடிவு வர்றவரைக்கும் சத்யா இதத் தொட வேணாம், படுக்கப் பக்கம் விட வேணாம். இன்னொண்ணு, இத நீங்க யாரும் கேக்கல. பூனை வெளிக்குப் போற மண்ணு மாசமா இருக்குற பொண்ணுக்கு ஆகாது. வயித்துல இருக்குற புள்ளையவே பாதிக்கும். சத்யா அதுல கை வைக்கவே கூடாது. ஒரே எடத்துல போகப் பழக்கி, தெனம் தவறாம யாராவது அள்ளி அப்புறப்படுத்தணும். கைய நல்லா கழுவணும்."

"பாத்தியளா!" என்றார் சம்பந்தியம்மா. "நான் சொன்னேனா இல்லியா? இந்திரா ஒண்டியா ஆட்டப் பாப்பாளா, புள்ளத்தாச்சியப் பாப்பாளா, இதுல பூனைப் பீய யாரு தெனம் அள்ளுறது?"

இந்திரா வாயைத் திறப்பதற்குள், "நான் அள்ளுறேன்" என்று குரல் வந்தது.

நாகலிங்கம். தூணோரம் நின்றுகொண்டிருந்தார். வாசலில் கார் வந்ததைப் பார்த்துக் கூடியிருந்த அக்கம்பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் அவர் படகில் வேலை செய்கிறவர்கள். எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

"நீங்களா சம்மந்தி?" என்றார் அந்த அம்மா, நம்ப முடியாமல்.

"நாந்தான். சும்மாத்தானே இருக்கேன்." அப்புறம் இருமியவன் பக்கம் திரும்பி, "என்னடா? மீன் பொட்டி ஒண்ணு கொண்டா. மணல் நெரப்பணும்" என்றார். அவன் ஓடினான்.

சம்பந்தியம்மா அவன் கொண்டுவந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு கார் டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். மருமகளின் பையை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார். "முடிவு வந்தா மொதல்ல எனக்குச் சொல்லணும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

நீங்கள் நினைப்பதுபோல் அன்றைக்கு நான் சந்தோஷமாக வீடு திரும்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. விடுவேன் என்று சொன்னேனே, என் கணிப்பு தப்பாக இருந்தால்? பூஞ்சை இருந்து, அது பிஞ்சு உடம்பில் ஏறினால்? ஆய்வகத்துக்கு போன் செய்து செய்து அவர்கள் என் குரலைக் கேட்டாலே அலுத்துக்கொண்டார்கள். நம் தொழிலில் வாக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்த பிறகு காத்திருக்கிற நாட்களுக்கு யாரும் பயிற்சி தருவதில்லை. உங்களுக்கும் அந்த நாட்கள் வரும். வந்தால் எனக்கு போன் செய்யுங்கள், மருந்து கேட்காமல் சும்மா பேசுங்கள்.

முடிவு வந்தது. பூஞ்சை எதுவும் வளரவில்லை. சம்பந்தியம்மாவுக்குத்தான் முதலில் சொன்னேன். "சரி சரி" என்று வைத்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். தடையும் முடிந்தது. படகுகள் கடலுக்குப் போயின. இனி அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ, பூனை மறுபடி நக்க ஆரம்பித்துவிட்டதோ என்று என் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. நானாகக் கேட்கவும் தயக்கம்.

ஒரு நாள் மதியம், மருந்தகம் நிறைய ஆட்கள். செல்போனில் ஒரு படம் வந்தது. நாகலிங்கத்தின் எண். திறந்து பார்த்தால் பூனை. மல்லாந்து கிடக்கிறது, அதன் முன்னங்காலை ஒரு முரட்டுக் கை பிடித்திருக்கிறது. வயிறு முழுக்க வெள்ளை வெளேரென்று புது மயிர். அடுத்த படமும் வயிறுதான், கிட்டத்தில் வைத்து எடுத்தது. அதற்கடுத்ததும் வயிறுதான். ஆட்களை நிற்கவிட்டு அவருக்கு போன் போட்டேன்.

"படம் வந்துச்சா டாக்டரம்மா?" என்று கத்தினார். பின்னால் அலைச் சத்தமும் எஞ்சின் சத்தமும் கேட்டன. "ஒரு எடம் விடாம மொளச்சிருச்சு பாத்தீங்களா?"

"பாத்தேங்க, ரொம்ப சந்தோஷம். சத்யா எப்படி இருக்கா? கொழந்த எப்பப் பொறக்குமாம்?"

"அது பொறந்து ஒரு வாரமாச்சு, பொட்டப்புள்ள, தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். "அத விடுங்க, அந்த மூணாவது படத்தப் பாருங்க. எடது தொடையில மட்டும் கொஞ்சம் மெலிசாத் தெரியிது. அது சரியாப் போயிடுமில்ல?"